பித்தப்பைக் கல்

நோயைத் தணிப்பது ஒன்று. நோயின் வேரைக் களைவது மற்றொன்று. இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டைப் பித்தப்பைக் கல்லின் மருத்துவ வரலாறு நமக்கு நன்கு விளக்குகின்றது.

நம் வயிற்றின் வலப்புறத்தே, விலா எலும்புகளின் காப்பில் கல்லீரல் அமைந்துள்ளது. கொழுப்புணவு செரிப்பதற்குத் துணைபுரியும் பித்தநீர் அங்கே இடைவிடாமல் ஊறுகின்றது. கல்லீரலின் அடியில் பேரிக்காய் வடிவில் தொங்கும் சிறு பையே பித்தப்பையாகும். ஊறும் பித்தநீரின் ஒரு பகுதி அப்பையில் தேங்கிச் செறிவடைகின்றது. நாம் உண்ணும்பொழுது பை சுருங்கும். பித்தநீர் குழாய் வழியே சிறுகுடலை அடையும்.

உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்புப் படிவதைக் கண்டிருப்பீர்கள். பித்தநீரிலுள்ள கொலஸ்டிரால் என்னும் பொருளும் கரையும் அளவைக் கடந்தால் அவ்வாறே படிந்து, நாளடைவில் கல்லாகின்றது. மணல்போன்ற நுண்கற்களும் உண்டு, பெருங்கற்களும் உண்டு. பலருக்கு இவை வாழ்நாள் முழுதும் துன்பம் செய்வதில்லை. அவர்களுட் பெரும்பாலோர்க்கு அறுவை மருத்துவமும் வேண்டுவதில்லை. ஆனால், கல் பையின் வாயை அடைத்தால் மேல்வயிற்றில் பொறுத்தற்கரிய வலி எழும். அது நழுவிப் பித்தக்குழாயில் சிக்கினாலோ கண்ணும் தோலும் மஞ்சள் நிறமாகும். காய்ச்சலும் கணைய அழற்சியும் தோன்றி உயிர்க்கே ஊறு நேரலாம்.

1867-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் என்னும் மருத்துவர், ஒரு பெண்மணியின் பித்தப்பையைத் திறந்து கற்களை அகற்றினார். அஃது அருஞ்செயலே. எனினும், பை உள்ளேயே இருந்தால் மீண்டும் கல் தோன்றக்கூடுமன்றோ?

பெர்லின் நகரத்து லாசரஸ் மருத்துவமனையில் பணியாற்றிய கார்ல் லாங்கன்பூக் என்பார் இதனை ஆழ்ந்து எண்ணினார். கல்லை உண்டாக்கும் பையையே நீக்குதல் வேண்டும் என்பது அவர் துணிபு. பையின்றி மனிதன் வாழ இயலுமா? யானைக்கும் குதிரைக்கும் இயற்கையிலேயே பித்தப்பை இல்லை. பையை நீக்கிய பின்னும் நாய்கள் உயிர்வாழ்ந்தமை 17-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும், அவர் விரைந்து செயலில் இறங்கினாரல்லர். பல ஆண்டுகள் பிணங்களை அறுத்துப் பயின்று கைத்திறனைச் செம்மை செய்துகொண்டார். 1882 ஜூலை 15-ஆம் நாள், பதினாறு ஆண்டுகள் இந்நோயால் வருந்திய 43 வயதினர் ஒருவரின் பித்தப்பையை அவர் அகற்றினார். நோயாளி நலம்பெற்று வீடு திரும்பினார்.

அன்று வயிற்றைப் பெரிதாகக் கீறவேண்டியிருந்தது. 1985-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மூஹே, சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை நீக்கினார். அவருடைய நாட்டு மருத்துவர்கள் பலர் முதலில் அதனை இகழ்ந்தனர். 1992-இல் அந்நாட்டு அறுவை மருத்துவக் கழகமே அவருக்குப் பரிசளித்துப் போற்றியது. இன்று உலகெங்கும் பெரிதும் வழங்குவது இத்துளைமுறையே.

பித்தக்குழாயிற் சிக்கிய கல்லை எடுக்க வேறொரு வழியும் உண்டு. வாய் வழியே வளையும் குழாயொன்றைச் சிறுகுடல்வரை செலுத்தி, பித்தக்குழாயின் வாயைச் சிறிது கீறிக் கல்லை வெளிக்கொணர்வர். 1974-இல் ஜெர்மானியரும் ஜப்பானியரும் இம்முறையை வெளியிட்டனர். எனினும், பை எஞ்சியிருப்பின் கல் மீண்டும் வந்து குழாயை அடைக்கக்கூடும். ஆதலின், தக்கவர்க்குப் பின்னர்ப் பித்தப்பையையும் நீக்குவர். பை நீங்கிய பின் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலைச் சேரும், உணவும் செரிக்கும்.

மாணவர்களே, லாங்கன்பூக்கின் துணிவு கண்மூடித்தனமானதன்று. ஆராய்ந்து தெளிந்து, பயின்று தேர்ந்தபின் எழுந்த துணிவு அது. அத்தகைய துணிவே நோயின் வேரைக் களையும். பிறர் உயிரையும் காக்கும்.