கண்காட்சிக் கூடத்தில் ஓவிய மாணவர்

ஓவியம் பயிலும் மாணவர் கண்காட்சிக்குச் செல்வது எதற்காக? கண்டதைப் போன்றே தாமும் தீட்டுவதற்காக என்று எண்ணுவோர் நம்மிடையே மிகுதி. எம்.எஃப். ஹுசைனின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

பம்பாயில் திரைப்பட விளம்பரத் தட்டிகள் வரைந்து வாழ்ந்த ஹுசைன், 1948இல் நண்பர் எஃப்.என். சூசாவுடன் தில்லி சென்றார். இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பெற்றுத் திரும்பிய இந்தியக் கலைச் செல்வங்கள் அப்போது அரசு மாளிகையில் இடம்பெற்றிருந்தன. (இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை அது; மறு ஆண்டு அங்கேயே தேசிய அருங்காட்சியகம் பிறந்தது.) குப்தர் காலச் சிற்பங்களில் உடலின் வளைவையும், பசோலிச் சிற்றோவியங்களில் வண்ணத்தின் வீறையும் அவர் கண்டுகொண்டார். நாட்டுப்புறக் கலையின் எளிமையை அவற்றோடு இணைத்தார். 1955இல் தேசிய விருது பெற்ற அவரது ‘ஜமீன்’ ஓவியத்தில் இருப்பது கிராம வாழ்வு. எந்தச் சிற்பத்தின் நகலும் அதில் இல்லை.

இதற்கு முந்திய சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 1910இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ‘முஹம்மதியக் கலை’ என்ற பெயரில் (பெயர் நமக்கு உவப்பானதன்று) சுமார் 3,500 பொருள்கள் காட்சிக்கு வந்தன. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் அவற்றைக் காணவே பயணம் மேற்கொண்டார். பாரசீகச் சிற்றோவியம் தொலைவிலுள்ளதைச் சிறுக்க வைப்பதில்லை, மேலே அடுக்கிவிடும். மறு ஆண்டு அவர் தீட்டிய ‘ஓவியரின் குடும்பம்’ படத்தில் கம்பளமும் சுவரும் சதுரங்கப் பலகையும் ஒரே தளத்தில் விரிகின்றன. ஆயினும் வீடும் மாந்தரும் அவருடையவர்களே.

திருத்தணியிலிருந்து மின்ரயிலேறிச் சென்னைக்கு ஓவியம் பயில வரும் மாணவருக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பத் தொகுதியில் நளகிரி யானையின் கதை ஒரு வட்டத்துள் செதுக்கப்பட்டுள்ளது. மதங்கொண்டு ஓடும் யானையும் புத்தர் முன் பணியும் யானையும் ஒன்றே; இரு பொழுதுகள் ஒரே வட்டத்துள் அடங்கியுள்ளன. கைப்பேசியில் படமெடுத்து நகர்பவருக்கு இந்நுட்பம் பிடிபடாது. பென்சிலால் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். எவ்வுருவம் எதை மறைக்கிறது, எங்கே இடைவெளி விடப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும். பின்னர் அவர் யானையை வரைய வேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகையன்று தம் ஊர் மலைப்படிகளில் காவடியுடன் ஏறுவோரையும், அவர்களே வழிபாடு முடிந்து இறங்குவதையும் ஒரே படத்துள் கொண்டுவர முயலலாம்.