திறந்த முன்பதிவு முறை
திறந்த முன்பதிவு முறை என்பது மருத்துவரைக் காண விரும்பும் நோயாளிக்கு அவர் கேட்கும் அன்றோ மறுநாளோ நேரம் ஒதுக்கும் முறை ஆகும். 1990களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கைசர் பெர்மனென்ட் நிறுவனத்தில் மார்க் முரே, கேத்தரின் டான்டாவ் ஆகியோர் இதனை உருவாக்கினர்.

காரணம்
காத்திருக்கும் நாட்கள் நீளும்போது மறதி, நோய் தணிதல், வேறு மருத்துவரை நாடுதல் ஆகியவற்றால் வராதோர் தொகை கூடுகிறது. அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் வீணாவதால் பிறரது காத்திருப்பும் நீள்கிறது.

குறைபாடுகள்
இங்கிலாந்தில் 2004 ஆம் ஆண்டுக்குள் 48 மணிநேரத்தில் குடும்ப மருத்துவரைக் காணச் செய்யும் இலக்கை அரசு 2000 இல் அறிவித்தது. இலக்கை எட்டுவதற்காகச் சில மருத்துவ நிலையங்கள் பிந்தைய நாட்களுக்கான பதிவை மறுத்தன. இது 2005 பொதுத்தேர்தல் பரப்புரையில் விவாதமானது. நீரிழிவு போன்ற நோய்களுக்குத் தொடர் சிகிச்சை பெறுவோருக்கு முன்கூட்டிய பதிவும் தேவைப்படுகிறது.