பெடல் ஸ்டீலா, ரெசொனேட்டரா? மடி கிட்டார் வாங்கும் முன் இதைப் படிங்க!

கிட்டார் என்றால் அணைத்துப் பிடித்து வாசிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். படுக்கவைத்து, தந்திகள் மேல் எஃகு உருளையை வழுக்கிக்கொண்டு போய் வாசிக்கும் ரகமும் உண்டு. அந்த உருளையால்தான் 'ஸ்டீல் கிட்டார்' என்ற பெயரே வந்தது. இதில் பெடல் ஸ்டீல், ரெசொனேட்டர் என்ற இரண்டில் எதை வாங்குவது? சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் அபார்ட்மென்ட்டில் குடியிருக்கும் ஒருவர் யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். தவறாகத் தேர்ந்தெடுத்தால், பெரிய தொகை பரணுக்குப் போய்விடும்!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரெசொனேட்டரின் வயிற்றில் மெல்லிய அலுமினியக் கூம்பு இருக்கும். தந்தியின் அதிர்வை அது பெரிதாக்கித் தரும். ஆம்ப்ளிஃபையர் பரவாத 1920-களில், கச்சேரியில் கிட்டார் சத்தம் அமுங்கிப் போனதற்கு ஜான் டொப்யேரா கண்ட தீர்வு இது. கரண்ட் தேவையில்லை.

பெடல் ஸ்டீல், கால்கள் வைத்த மேஜை போல இருக்கும். பொதுவாக 10 தந்திகள், 3 பெடல்கள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்திகளின் சுருதி மட்டும் மாறும். மற்றவை அப்படியே நிற்கும். 1954-ல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில் பட் ஐசக்ஸ் வாசித்த பிறகு, அமெரிக்க கன்ட்ரி இசையின் அடையாளமாகவே இது ஆனது. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் மேடையேற முடியாது.

நம் காதுக்கு எது?

தந்தி மேல் வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியம் என்கிற சித்ரவீணையில் மெட்டுகளே கிடையாது; உருளையால்தான் கமகம் பிறக்கும். திருவிடைமருதூர் சகாராம ராவ் புகழ்பெறச் செய்த வாத்தியம் அது. சேலையூரிலிருந்து அதிக தூரமில்லாத திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அதைக் கற்றுக்கொடுத்தார். மடி கிட்டாரில் ராகம் வாசித்த விஸ்வ மோகன் பட்டுக்கு 1994-ல் கிராமி விருதே கிடைத்தது.

ராகமோ, சினிமா மெலடியோ வாசிக்க ஆசையா? ரெசொனேட்டர் போதும். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க, அதில் ஒன்று மட்டும் குழைந்து நகரும் அந்த கன்ட்ரி ஒலிதான் வேண்டுமா? அதைப் பெடல் ஸ்டீல்தான் தரும்.

வீட்டு நிலவரம்

பெடல் ஸ்டீலின் விலை பல மடங்கு அதிகம். எடையும் பத்து கிலோவைத் தாண்டும் என்பதால், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏற்றிக்கொண்டு போவது சிரமம். ஆனால் ஹெட்போன் மாட்டி நள்ளிரவிலும் பழகலாம். ரெசொனேட்டருக்கோ சத்தம்தான் பிறவிக் குணம். பக்கத்து வீட்டுக்காரரையும் கணக்கில் எடுங்கள். வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். சதுரக் கழுத்து மடியில் மட்டும் வாசிக்க. உருண்டைக் கழுத்தில் விரலால் அழுத்தியும் வாசிக்கலாம்.

செலவில்லாத பரீட்சை

பழைய கிட்டார் இருக்கிறதா? தந்திகளைத் தூக்கிநிறுத்தும் சிறு 'நட் எக்ஸ்டெண்டர்' பொருத்துங்கள். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, ப-ச-ப-ச-க-ப என்று சுருதி சேருங்கள். மடியில் வைத்து, உருளையால் மூன்று மாதம் பழகுங்கள். அதற்குப் பிறகும் கை தானாக அதைத் தேடினால், ரெசொனேட்டருக்குப் பணம் எடுத்து வையுங்கள். கால் சும்மா இருப்பது குறையாகத் தெரிந்தால் மட்டும் பெடல் ஸ்டீல் பக்கம் போகலாம்!