விட்ட காசைப் பிடிக்கப் போய் இருப்பதையும் விடாதீங்க! குகேஷ் ஆட்டத்தில் ஒரு கணக்கு

சென்னை: ஏலச்சீட்டில் போன பணம், அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு பைனான்ஸ் கம்பெனியில் போட்ட டெபாசிட், நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு தலையில் விழுந்த கடன்... இப்படி ஒரு பழைய கதை இல்லாத வீடு குறைவு. ஆனால் முதலில் போன பணத்தை விட, 'ஒரே அடியில பிடிச்சிடலாம்' என்று கிளம்பிப் போய் விட்ட பணம்தான் பலருக்கு அதிகம்.

பங்குச்சந்தையில் இதற்கு கணக்கே இருக்கிறது. செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வை வெளியிட்டது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 ஆண்டுகளில் நஷ்டம் அடைந்தனர். மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். அதை விட அதிர்ச்சி, நஷ்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதன் பிறகும் வியாபாரத்தை விடவில்லை.

தோல்வி, டிரா, வெற்றி

அடி வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதை செஸ் வீரர்களிடம் பார்க்கலாம். 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டி தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், வெள்ளைக் காய்களுடன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே சீனாவின் டிங் லிரெனிடம் தோற்றார். மறுநாள் ஆவேசப்பட்டு பாயவில்லை. கறுப்புக் காய்களுடன் 23 நகர்த்தல்களில் அமைதியாக டிரா செய்தார். 3-வது ஆட்டத்தில் ஜெயித்தார்.

11-வது ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றவர், அடுத்த நாளே 12-வது ஆட்டத்தில் தோற்றார். 13-வதில் ஜெயிக்க முயன்றும் டிங் விடவில்லை. கிடைத்த அரைப் புள்ளியை வாங்கிக் கொண்டார். டிசம்பர் 12-ந்தேதி 14-வது ஆட்டத்தில் வென்று 7.5-6.5 என்ற கணக்கில் உலக சாம்பியன் ஆனார்.

இரண்டு முறையும் தோல்விக்கும் வெற்றிக்கும் நடுவே ஒரு டிரா இருக்கிறது. எல்லோரும் வெற்றியைத்தான் பேசுகிறார்கள். கடன்பட்டவர்கள் கவனிக்க வேண்டியது அந்த டிராவைத்தான்.

பத்து வட்டி கணக்கு

பண விஷயத்தில் டிரா என்றால், இந்த மாதம் கடன் ஏறாமல் நிற்பது. 50 ஆயிரம் ரூபாயை 'பத்து வட்டி'க்கு வாங்கியவர் மாதம் 5 ஆயிரம் கட்டுகிறார். 10 மாதத்தில் அசல் அளவுக்கு வட்டியே போய்விடும், 50 ஆயிரம் அப்படியே நிற்கும். இதை அடைக்க இன்னொரு தண்டல் வாங்குவது அவசரப்பட்டு ராணியை வெட்டுக் கொடுப்பது மாதிரி. பீரோவில் இருக்கும் நகையை விற்று அசலை முடிப்பது மனசுக்கு கஷ்டம்தான், ஆனால் வட்டி அன்றோடு நிற்கும். மிரட்டி வசூலித்தால் 2003-ம் ஆண்டு கந்து வட்டி தடைச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம்.

டெபாசிட் போட்டு ஏமாந்தவர்களுக்கு 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்பு சட்டம் இருக்கிறது. ரசீதுகளுடன் பொருளாதார குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் வாழப் பழகுவது நல்லது. வந்தால் வரட்டும்.

தோற்ற ஆட்டத்தை செஸ் வீரர்கள் உட்கார்ந்து அலசுவார்கள். எங்கே தப்பு என்று தெரிந்ததும் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். வீடுகளில் அலசலே நடப்பதில்லை. 'அன்னிக்கே சொன்னேன்ல' என்ற ஒரே வசனம்தான் 10 வருஷமாக ஓடுகிறது. அதற்குப் பயந்தே அடுத்த கடனை வீட்டுக்குத் தெரியாமல் வாங்குகிறார்கள்.

பழைய கறை போகுமா?

வங்கிக் கடனை பாதியில் விட்டவர்களுக்கு சிபில் பயம் வேறு. தள்ளுபடி பேசி குறைந்த தொகைக்கு கணக்கை முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். முழுசாகக் கட்டினால்தான் 'குளோஸ்டு'. முதல் வார்த்தை இருந்தால் அடுத்த கடன் கிடைப்பது சிரமம். தள்ளுபடியை விட்டு மீதியைக் கட்ட முடியுமானால், வங்கியில் பேசி கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி பதிவை மாற்றச் சொல்லலாம்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிப் ஹைமார்க் ஆகிய 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த கடன் பாக்கி என்று காட்டினால் புகார் செய்யலாம். 30 நாளில் சரி செய்யாவிட்டால் அதன் பிறகு நாள் ஒன்றுக்கு ரூ.100 வீதம் புகார்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.