ஸ்ட்ராபெரிக்குள் ஒளிந்திருக்கும் மது

பார்த்தால் ரோஜா சர்பத் போலிருக்கும். முகர்ந்தால் பழ வாசனை. குடித்தால் ஜில்லென்று, தித்திப்பும் புளிப்புமாக உள்ளே இறங்கும். ஆனால் அது சர்பத் அல்ல, மது!

"ஸ்ட்ராபெரி மார்கரீட்டா" என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கோடைக்காலத்தில் விருந்தினர் வந்தால் பல வீடுகளில் இதைக் கலந்து கொடுக்கிறார்கள். புட்டியில் அடைத்த சிவப்புப் பாகு கடைகளில் விற்கிறது. அதை ஊற்றிச் செய்கிறவர்களும் உண்டு. ருசி அறிந்தவர்கள் அந்தப் பாகைத் தொடமாட்டார்கள். புதுப் பழத்தை அரைத்துத்தான் செய்வார்கள்.

ஒரு செடி, ஒரே அறுவடை

இதில் சேரும் மதுவுக்கு "டெக்கீலா" என்று பெயர். அது ஓர் ஊரின் பெயர். மெக்சிகோ நாட்டில், குவாதலஹாரா நகருக்கு வடமேற்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் நீல நிறக் கற்றாழைத் தோட்டங்கள். 2006-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தத் தோட்டப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நம் ஊர் வேலி ஓரங்களில் ஆனைக் கற்றாழை நிற்கிறதே, அதன் உறவுதான் இது. அந்த ஆனைக் கற்றாழைக்கும் பூர்வீகம் மெக்சிகோதான்! டெக்கீலாவைக் கள்ளிச் செடியிலிருந்து எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கள்ளி வேறு, இது வேறு.

கற்றாழையை நட்டுவிட்டு ஆறு, ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். நடுவில் பூந்தண்டு கிளம்பினால் உடனே வெட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால், செடி சேர்த்து வைத்த சர்க்கரை எல்லாம் பூவுக்குப் போய்விடும்.

அறுவடை செய்யும் தொழிலாளிக்கு "ஹிமதோர்" என்று பெயர். நீண்ட கைப்பிடியில் வட்டத் தகடு பொருத்திய கருவி அவர் கையில் இருக்கும். அதனால் முள் மடல்களைச் சீவித் தள்ளுவார். மிஞ்சும் நடுத்தண்டு பெரிய அன்னாசிப் பழம் போலிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதை அன்னாசி என்றே சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் 30, 40 கிலோ இருப்பது சாதாரணம். அதை வேகவைத்து, நசுக்கிச் சாறு எடுத்து, புளிக்கவைத்து, இரண்டு தடவை காய்ச்சி வடித்தால் டெக்கீலா தயார்.

வெட்டிய செடி மறுபடி துளிர்க்காது. வாழைக்குப் பக்கக் கன்று வருவதுபோல் இதற்கும் வரும். அதைப் பிரித்து நட்டு, மறுபடியும் ஆறு வருஷம் காத்திருக்க வேண்டும். அப்போது விலை என்னவாக இருக்கும்? நடுகிறவருக்குத் தெரியாது. விலை ஏறினால் எல்லோரும் நடுவார்கள். எல்லாம் ஒன்றாக விளைந்து வரும்போது விலை விழுந்துவிடும். பல தடவை நடந்த கதை இது.

1974-ம் ஆண்டில் மெக்சிகோ அரசு "டெக்கீலா" என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஹாலிஸ்கோ மாநிலத்திலும், வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் தயாராவதற்குத்தான் அந்தப் பெயர் உண்டு. அந்த நான்கில் குவானஹுவாட்டோவும் மிச்சோவகானும் சேர்ந்தவை. ஸ்ட்ராபெரிக்குப் பேர்போன இராபுவாட்டோ, ஸமோரா நகரங்களும் அந்த இரண்டு மாநிலங்களில்தான் இருக்கின்றன. பழமும் மதுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

சலித்துப்போன பணியாளர்

மார்கரீட்டாவை முதலில் கலந்தது யார்? "நான்தான்" என்று சொந்தம் கொண்டாடியவர்கள் பலர். 1948-ல் கலந்ததாகக்கூட ஒருவர் சொன்னார். ஆனால் 1937-ல் லண்டனில் வெளிவந்த ஒரு புத்தகத்திலேயே ஏறக்குறைய இதே கலவை வேறு பெயரில் இருக்கிறது.

ஐஸோடு சேர்த்துக் கூழாக்கிக் குடிக்கும் பழக்கம் பரவியதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் மரியானோ மார்ட்டினெஸ் என்பவர் உணவு விடுதி நடத்தினார். ஐஸ் போட்டு அரைத்த மார்கரீட்டாவுக்கு அங்கே பெருங்கூட்டம். அரைத்து அரைத்துப் பணியாளருக்குச் சலித்துவிட்டது. ஒரு கிளாஸின் ருசி மறு கிளாஸில் இல்லை என்று வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். மார்ட்டினெஸ் யோசித்தார். ஒரு கடையில் ஐஸ் சர்பத் கொடுக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். பழைய ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை வாங்கி, 1971-ல் அதையே மார்கரீட்டா இயந்திரமாக மாற்றிவிட்டார். அது இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சிசாலையின் சேகரிப்பில் இருக்கிறது!

வீட்டில் செய்ய அந்த இயந்திரம் வேண்டாம். மிக்சி போதும்.

பழம்தான் முக்கியம். ஸ்ட்ராபெரியைப் பறித்துவிட்டால் அதற்குமேல் பழுக்காது. மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைப்பது போல் இதைச் செய்ய முடியாது. ஆகவே காம்பு வரை சிவந்த, வாசனை உள்ள பழமாகப் பார்த்து வாங்குகிறார்கள். காம்போடு கழுவிவிட்டு, பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். முதலிலேயே கிள்ளினால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். பழத்தை நறுக்கி இரண்டு மணி நேரம் ஐஸ் பெட்டியின் உறை அறையில் வைத்தால், பிறகு ஐஸ் குறைவாகப் போட்டால் போதும். பானம் நீர்த்துப் போகாது.

இரண்டு கிளாஸுக்கு 200 கிராம் பழம், 45 மில்லி எலுமிச்சைச் சாறு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. மெக்சிகோவில் பயன்படும் சிறிய எலுமிச்சை நம் நாட்டு எலுமிச்சையேதான். இவற்றை முதலில் அரைத்து ருசி பார்க்க வேண்டும். பிறகு டெக்கீலா 90 மில்லி, ஆரஞ்சு மணமுள்ள மது 30 மில்லி, ஒரு கப் ஐஸ் சேர்த்து விட்டுவிட்டு அரைக்க வேண்டும். கிளாஸின் விளிம்பில் எலுமிச்சையைத் தடவி உப்பில் தொட்டெடுப்பது வழக்கம். சிலர் சர்க்கரை தொடுகிறார்கள். உப்பே சிறந்தது. கொய்யாவுக்கு உப்புத் தொட்டால் இனிப்பு கூடவில்லையா?

கண் அளவு ஆகாது

கண் அளவில் ஊற்றுவதுதான் ஆபத்து. டெக்கீலாவில் நூற்றுக்கு 40 பங்கு சாராயம். ஆரஞ்சு மதுவிலும் அநேகமாக அதே அளவு இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிளாஸில் 24 மில்லி சுத்த சாராயம் வருகிறது. அமெரிக்காவில் "ஒரு தடவைக் குடி" என்று கணக்கிடும் அளவு ஏறக்குறைய 18 மில்லிதான். மூன்று கிளாஸ் குடித்தவர், உண்மையில் நான்கு குடித்திருக்கிறார்! வெறும் டெக்கீலா தொண்டையில் எரிந்து எச்சரிக்கும். பழமும் ஐஸும் அந்த எரிச்சலை மறைத்துவிடும். குடித்தவருக்கும் தெரியாது, காரின் சாவியை அவரிடம் கொடுத்தவருக்கும் தெரியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் நின்றால், சாறு பட்ட இடம் மறுநாளோ அதற்கு மறுநாளோ சிவந்து கொப்பளிக்கும். ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு சில வாரம் இருக்கும். அமெரிக்காவில் இதற்கு "மார்கரீட்டாப் புண்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! தோட்டத்தில் விருந்து வைப்பவர்கள் எலுமிச்சையை உள்ளேயே பிழிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வருவது நல்லது.

குழந்தைகளுக்கு? மெக்சிகோவில் அதற்கும் ஒரு பானம் உண்டு. பெயர் "அகுவா ஃப்ரெஸ்கா". குளிர்ந்த நீர் என்று பொருள். அதே ஸ்ட்ராபெரி, அதே எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை. அரைத்து, வடிகட்டி, நிறையத் தண்ணீரும் ஐஸும் சேர்த்துப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைக்கிறார்கள். இரண்டும் ஒரே சிவப்பு நிறம் என்பதால், மது உள்ள ஜாடியை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது.