நம்பிச் சொன்னது வெளியே போனால்...

இன்றைய கலந்துரையாடலில் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இது: நம்பிச் சொன்ன ரகசியத்தை நெருங்கிய நண்பரே வெளியில் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பில் அவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் தினமும் வாக்குவாதம். மனம் தாங்காமல் ஒரு நாள் இரவு தன் தோழிக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதுகிறாள். மறுநாள் இடைவேளையில், அதிகம் பேசிப் பழகாத ஒருத்தி வந்து, "உன் அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்ததா?" என்று கேட்கிறாள். கோபத்தைவிட அவளுக்கு முதலில் வருவது அவமானம்தான்.

இந்த நிலையில் உடனே செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பதிலுக்குத் தோழியின் ரகசியத்தை வெளியிடக்கூடாது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அழித்துவிடலாம். மற்றவர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்மால் அழிக்க முடியாது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவரது அடையாள விவரங்களை இணையத்தில் வெளியிடுவது சிங்கப்பூரில் 2020 முதல் குற்றமாகும்.

மனம் சற்று ஆறியதும் தோழியைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். "உன்னிடம் மட்டும் சொன்னதை மற்றவர்கள் பேசுகிறார்கள். எப்படி என்று நீயே சொல்" என்றால் போதும். வேறு யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பதிலைக் கேட்டால் மூன்றில் ஒரு காரணம் தெரியவரும். ஒன்று, வாய் தவறிச் சொல்லியிருப்பார். இரண்டு, கேட்ட பாரம் தாங்காமல் இன்னொருவரிடம் இறக்கி வைத்திருப்பார். மூன்று, உங்களைத் தாழ்த்தித் தன்னை உயர்த்திக்கொள்ளச் சொல்லியிருப்பார். முதல் இரண்டும் தவறுதான், ஆனால் மன்னிக்கக்கூடியவை. மூன்றாவதுதான் விலகி நிற்க வேண்டிய நட்பு.

திருக்குறளில் 'நட்பு' அதிகாரத்திற்கு அடுத்து 'நட்பாராய்தல்' வருகிறது. அதன்பின், பழகிய நண்பரின் பிழை பொறுக்கும் 'பழைமை'. அதற்குப் பிறகே 'தீ நட்பு', 'கூடா நட்பு'. ஆராய்வதும் பொறுப்பதும் முன்னே, விலகுவது பின்னே.

இன்னொன்றையும் அந்த மாணவி யோசிக்க வேண்டும். அவள் சொன்னது அவளுடைய ரகசியம் மட்டும்தானா? அப்பாவுடையதும்கூட. அவளும் பாரம் தாங்காமல்தான் சொன்னாள். இதை உணர்ந்தால் தோழி மீதுள்ள கோபம் பாதி குறையும். அப்பாவிடமும் அன்று மாலையே சொல்லிவிடுவது நல்லது. அடுத்தவர் வாயால் அவர் கேள்விப்படுவதைவிட, மகள் வாயால் கேட்பது மேல்.

இதற்காக, "இனி யாரிடமும் எதையும் சொல்லமாட்டேன்" என்று மனத்தைப் பூட்டிவிடாதீர்கள். அதுதான் பெரிய நட்டம். மீண்டும் சிறிது சிறிதாகச் சொல்லிப் பழகலாம். சிறிய விஷயத்தைக் காப்பாற்றுபவரிடம் பெரியதைச் சொல்லலாம். பெரிய பாரமாக இருந்தால் பள்ளி ஆலோசகரிடம் போகலாம். 24 மணி நேரமும் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் அமைப்பையும், 1771 என்ற எண்ணில் தேசிய மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கேட்டுக்கொள்ளும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னாலோ, யாரோ அவரை அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்று தெரிந்தாலோ, அதை மட்டும் மறைக்காதீர்கள். நம்பகமான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். சொல்லப்போகிறேன் என்பதை முடிந்தால் நண்பரிடமும் கூறிவிடுங்கள். அன்று அவர் கோபித்துக்கொள்ளலாம். ஆனாலும் அது துரோகம் ஆகாது.