திசை மாறும் தடங்கள்

பெக்கான் நானாஸ் என்றதும் பலருக்கும் அன்னாசிதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து அன்றாடம் வேலைக்குச் செல்வோருக்கோ கூட்டரசுச் சாலை 5 நினைவுக்கு வரும். காலையில் ஸ்கூடாய், ஜொகூர் பாருவை நோக்கி வாகனங்கள் மிகுதியாகச் செல்கின்றன; மாலையில் அவையே பொந்தியான் பக்கம் திரும்புகின்றன. ஒரு பக்கம் நெரிசல். மறுபக்கம் காலியான தடம். சாலையை அகலப்படுத்த நிலமும் பணமும் வேண்டும். இருக்கும் தடத்தையே நேரத்திற்கேற்ப மாற்றிப் பயன்படுத்தினால் என்ன? இவ்வெண்ணத்தின் பயனே திசை மாறும் தடம்.

கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள லயன்ஸ் கேட் பாலத்தில் மூன்றே தடங்கள் உள்ளன. நடுத்தடத்தின் திசை தேவைக்கேற்ப மாறும். மேலே பச்சை அம்பு தெரிந்தால் அத்தடத்தில் செல்லலாம். சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் நுழையக்கூடாது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் பல ஆண்டுகளாகப் பணியாளர்கள் நெகிழிக் குழாய்களைக் கையால் நட்டுத் தடங்களைப் பிரித்து வந்தனர். நெகிழிக் குழாய் ஒரு காரைத் தடுக்குமா? எனவே, 2015ஆம் ஆண்டில் அங்கு நகர்த்தக்கூடிய உறுதியான தடுப்பு அமைக்கப்பட்டது.

சீன நகரங்கள் பலவற்றில் சாலைச் சந்திப்புகளிலும் இத்தகைய தடங்கள் உண்டு. இங்கு எதிரே வரும் வாகனம் நம் தடத்திற்குள் நுழைவதில்லை. நேரே செல்வதா, திரும்புவதா என்பது மட்டுமே மாறும். தடத்தின் இரு ஓரங்களிலும் இரம்பப் பற்கள்போல் வெண்ணிறச் சாய்கோடுகள் வரையப்பட்டிருக்கும். தடத்திற்கு மேலுள்ள மின்னணுப் பலகை அந்நேரத்திற்குரிய திசையைக் காட்டும். எங்கே செல்லலாம் என்பதைப் பலகை சொல்லும். எப்போது செல்லலாம் என்பதைச் சமிக்ஞை விளக்கு சொல்லும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புதியவரைவிட, அதே வழியில் நாள்தோறும் செல்பவரே இங்கு எளிதில் தடுமாறுவார். நேற்று நேரே சென்ற தடம் இன்றும் அப்படியே இருக்குமென நம்பிப் பலகையைப் பாராமல் நுழைந்துவிடுவார். தவறான தடத்தில் நுழைந்தவர் அத்தடம் காட்டும் திசையிலேயே சென்று, அடுத்த சந்திப்பில் திரும்பி வரலாம். அதனால் சில நிமிடங்களே வீணாகும். கடைசி நொடியில் குறுக்கே வெட்டினால், பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்குத் தப்ப வழியிராது.

நம் நாட்டில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். சந்திப்பை நெருங்கும்போது லாரியின் பின்னால் ஒட்டிச் சென்றால் மேலுள்ள பலகை மறைந்துவிடும். சற்று இடைவெளி விட்டுச் சென்றால், தடம் மாறுவதற்கு இடமிருக்கும்போதே அதைப் படித்துவிடலாம்.